விதைகளின் ஒளியை எண்ணிக் குறுக்கேற்றத்தை அளப்பது எப்படி: வேறுபாட்டுக்குக் காரணமான இடத்தைக் கண்டுபிடிக்கும் வழி

ஒரே தாவர இனத்தின் இரண்டு வகைகளில், அதே குரோமோசோமின் அதே துண்டில், குறுக்கேற்றம் (பாலணு உருவாகும்போது இணைக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) ஒரே அளவில் நடப்பதில்லை. ஒன்றில் நூறு பாலணுக்களில் இருபது மறுகூட்டிணைவு பெற்றிருக்கும். மற்றொன்றோடு கலந்தால் அது பதினைந்தாகக் குறையும். இந்த வேறுபாடு மரபு வழி வருவது. அதன் காரணம் இரண்டு இடங்களில் ஒன்றில் இருக்கும். அளக்கப்படும் துண்டிலேயே உள்ள டி.என்.ஏ. வேறுபாடு ஒரு காரணம். இதைச் சிஸ் விளைவு என்பார்கள். வேறெங்கோ உள்ள ஒரு மரபணுவின் புரதம் செல் முழுவதும் குறுக்கேற்றத்தைக் கூட்டுவது அல்லது குறைப்பது மற்றொரு காரணம். இது டிரான்ஸ் விளைவு. வெறும் எண்ணிக்கை இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. சோதனையைத் தொடங்கும்போதே பிரிக்கும்படி அமைத்தால்தான் பிரியும். கீழே உள்ள முறை அதற்காகவே அமைந்தது. இதற்கு ஏற்ற செடி கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ்: ஐந்து இணை குரோமோசோம்கள், விதைத்த எட்டு முதல் பத்து வாரத்தில் அடுத்த தலைமுறை விதை, ஒரே செடியில் பல ஆயிரம் விதைகள்.

முதலில் எதை அளக்கிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். பாலணுக்களை உருவாக்கும் செல் பிரிவான மியாசிஸில் அராபிடாப்சிஸ் செல் ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ.வின் இரு இழைகளும் அறும் இரட்டை இழை முறிவுகள் 150 முதல் 250 வரை ஏற்படுகின்றன. அவற்றில் பத்து அளவில்தான் குறுக்கேற்றமாக முடிகின்றன. மற்றவை குரோமோசோம் பகுதிகளை மாற்றிக்கொள்ளாமலே பழுது நீங்குகின்றன. குறுக்கேற்றங்களில் 85 முதல் 90 சதவீதம் முதல் வகுப்பு. எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.4, ஹெய்10 முதலிய புரதங்கள் இவற்றை நடத்துகின்றன. ஒன்று நடந்த இடத்துக்கு அருகே இன்னொன்று நடப்பது தடுக்கப்படுகிறது. மீதி இரண்டாம் வகுப்பு. அதில் இந்தத் தடுப்பு இல்லை. முறிவுகள் தேவைக்கு மேல் இருக்கின்றன, ஹெய்10 போன்ற புரதங்களின் அளவோ வரம்புக்கு உட்பட்டது. இயற்கை வகைகளுக்கு இடையிலான வேறுபாடு இந்தப் புரதங்களில் தலைகாட்டுவதன் பின்னணி இதுதான்.

தேவையான விதைகள்

விதையில் ஒளிரும் குறியீட்டு வரிசை, அதாவது ஒளிரும் குறியீடுகள் பொருத்திய செடிவழி, ஒன்று வேண்டும். ஒரு குரோமோசோமில் சில மெகாபேஸ் (ஒன்று பத்து லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள்) தொலைவில் ஒரு பச்சை ஒளிர் புரத மரபணுவும் ஒரு சிவப்பு ஒளிர் புரத மரபணுவும் பொருத்தப்பட்டிருக்கும். இரண்டும் விதையில் மட்டும் வேலை செய்யும் நேபின் ஊக்கியின் (மரபணுவை இயக்கும் டி.என்.ஏ. பகுதி) கீழ் இருப்பதால், விதையைப் பார்த்தே மரபுவகையை ஊகிக்கலாம். மிகுதியாகப் பயன்பட்டது 420 என்ற வரிசை. இது மூன்றாம் குரோமோசோமின் முனையருகே 5.1 மெகாபேஸ் நீளத் துண்டை அளக்கிறது. கொலம்பியா என்ற வழக்கமான ஆய்வக வகையில் அத்துண்டின் அளவு 20 சென்டிமார்கனை (நூறு பாலணுக்களில் ஒன்று மறுகூட்டிணைவு பெற்றால் ஒரு சென்டிமார்கன்) ஒட்டி வரும். இத்துடன் வேறு குரோமோசோம்களில் உள்ள இரண்டு வரிசைகளையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது பின்னால் வரும்.

இவ்விதைகள் ஓஹியோவிலும் நாட்டிங்காமிலும் உள்ள அராபிடாப்சிஸ் விதைக் காப்பகங்களில் கிடைக்கும். இவை மரபணு மாற்றப்பட்டவை என்பதை மறக்க வேண்டாம். இந்தியாவுக்குக் கொண்டுவர உயிரிப் பாதுகாப்புக் குழுக்களின் ஒப்புதல் பெற்று, தில்லியிலுள்ள தேசியத் தாவர மரபணு வள நிலையத்தின் வழியாகத்தான் வர வேண்டும். அதற்கான மாதங்களைத் திட்டத்தில் முன்கூட்டியே ஒதுக்குங்கள்.

வந்த விதைகளை உடனே ஒளிர் நுண்ணோக்கியில் பாருங்கள். எல்லா விதைகளும் இரு நிறத்திலும் ஒளிர வேண்டும். ஒரு விதை ஒளிராவிட்டாலும் அந்த வரிசை ஹோமோசைகஸ் (இணையின் இரு குரோமோசோமிலும் ஒரே வடிவம் உள்ளது) இல்லை என்று பொருள். அதை அப்படியே கலப்புக்குப் பயன்படுத்தக் கூடாது.

கலப்பு

சோதிக்கப்போகும் வகையைத் தாயாகவும் குறியீட்டு வரிசையைத் தந்தையாகவும் வையுங்கள். இந்தத் திசை முக்கியம். தாய் ஒளிராதது என்பதால், கலப்பில் உருவான விதை ஒளிர்ந்தால் அது உண்மையான கலப்பு, ஒளிராவிட்டால் தன்மகரந்தச் சேர்க்கை. விதைத்துப் பார்த்துச் சரிபார்க்க வேண்டிய ஒரு தலைமுறை மிச்சமாகிறது.

தாய்ச் செடியில் வெள்ளை இதழ் நுனி வெளியே தெரியத் தொடங்கும் நிலைக்குச் சற்று முந்தைய மொட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். திறந்த மலர்களையும் மிகச் சிறிய மொட்டுகளையும் நீக்கிவிடுங்கள். ஐந்தாம் எண் இடுக்கியால் புல்லி இதழ், அல்லி இதழ், ஆறு மகரந்தத்தாள்கள் ஆகியவற்றை எடுத்துவிட்டுச் சூலகத்தை மட்டும் நிறுத்துங்கள். மகரந்தப் பை மஞ்சளாகி வெடித்திருந்தால் அந்த மொட்டை விட்டுவிடுங்கள். ஒரு நாள் கழித்துச் சூல்முடியில் மெல்லிய மயிர்கள் விரிந்ததும், தந்தையின் புதிதாகத் திறந்த மலரைப் பிடித்து அதன்மேல் தடவுங்கள். ஒரு தாய்ச் செடியில் ஆறேழு மலர் போதும். நெற்று மஞ்சளாகி வெடிக்கும் முன் பறித்துவிடுங்கள். இதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும்.

இதோடு கூடவே கொலம்பியாவையும் அதே குறியீட்டு வரிசையோடு கலக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டுக் கலப்பைத் தவிர்த்துவிட்டு, முன்பு எங்கோ வெளியான 420-இன் மதிப்போடு ஒப்பிடுவது பெரிய தவறு. அறைக்கு அறை வெப்பமும் ஒளியும் மாறும். அவற்றோடு குறுக்கேற்றமும் மாறும்.

வளர்ப்பு

ஈர விதையை 4 டிகிரி செல்சியஸில் இருட்டில் மூன்று நாள் வைத்து, பிறகு 20 அல்லது 21 டிகிரியில், 16 மணி நேர ஒளியில் வளர்க்கவும். ஒவ்வொரு கலப்புக்கும் முதல் தலைமுறைச் செடிகள் எட்டு முதல் பத்து வேண்டும். கலப்பு வாரியாகத் தட்டுகளைப் பிரிக்காமல், எல்லாத் தட்டிலும் எல்லாக் கலப்பையும் கலந்து வையுங்கள். விளக்கின் நேர் கீழே உள்ள தட்டுக்கும் ஓரத் தட்டுக்கும் இரண்டு டிகிரி வேறுபாடு இருந்தால், அது வகை வேறுபாடாக வேடமிட்டு வரும்.

அராபிடாப்சிஸில் வெப்பம் குறைந்தாலும் கூடினாலும் குறுக்கேற்றம் உயர்கிறது, நடுவில்தான் தாழ்ந்திருக்கிறது. பூக்கும் வாரத்தில் குளிர்சாதனம் நின்று அறை 28 டிகிரியைத் தொட்டால், அந்த வாரத்து மொட்டுகளின் விதைகளை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. மொட்டு நிலையில் மியாசிஸ் நடந்து சில நாள் கழித்துத்தான் மலர் விரிகிறது. எனவே எந்த நெற்றுகளை விலக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட, வெப்பப் பதிவுக் கருவி ஒன்று தட்டுகளுக்கு நடுவே இருக்கட்டும். செடியின் மட்டத்தில் எடுத்த அளவுதான் கணக்குக்கு உதவும், அறைச் சுவரில் எடுத்தது உதவாது.

படம் எடுத்து எண்ணுதல்

நன்கு முற்றிய விதைகளை மட்டும் அறுவடை செய்து, ஒரு வாரம் உலர்த்தி, சல்லடையில் உமி நீக்குங்கள். பச்சை விதைகளில் எஞ்சியிருக்கும் பச்சையம் தானே சிவப்பில் ஒளிரும். இதைச் சிவப்புக் குறியீடு என்று எண்ணிவிட்டால் கணக்கு முழுதும் கெடும்.

ஒரு செடிக்கு 1,500 முதல் 2,000 விதைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். ஒரே இடத்தில் மூன்று படங்கள் எடுக்க வேண்டும்: சாதாரண ஒளியில் ஒன்று, பச்சை வடிகட்டியில் ஒன்று, சிவப்பு வடிகட்டியில் ஒன்று. ஒளிபடும் நேரத்தை ஒருமுறை நிர்ணயித்தால், சோதனை முடியும்வரை அதை மாற்றாதீர்கள். செல்புரொஃபைலர் என்ற இலவச மென்பொருள் முதல் படத்தில் விதைகளின் எல்லையைக் கண்டு, மற்ற இரண்டில் ஒவ்வொரு விதையின் ஒளிச்செறிவை அளந்து தரும். ஒட்டிக்கொண்ட விதைகளை ஒரே விதையாக எண்ணுவது அதன் வழக்கமான பிழை. பரப்பளவு அதிகமான பொருள்களை விலக்கும் வரம்பை இட்டால் சரியாகும்.

ஒளிச்செறிவை வரைபடமாக்கினால், ஒளிராத விதைகள் ஒரு மேடாகவும், ஒரு பிரதி உள்ளவை அடுத்த மேடாகவும், இரு பிரதி உள்ளவை அதற்கும் அப்பாலும் நிற்கும். முதல் இரு மேடுகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் கோடு போடுங்கள். இந்தக் கோடுதான் முழுச் சோதனையின் உயிர்நாடி. மங்கலாகப் பச்சை ஒளிரும் விதைகளில் நூற்றில் இரண்டை ஒளிராதவை என்று தள்ளிவிட்டாலே போதும், 20 சென்டிமார்கன் 21-ஐ ஒட்டி வந்துவிடும். இரு நிற விதைகளின் எண்ணிக்கை மிகப் பெரியது. அதிலிருந்து சிறிது சிந்தினாலும் ஒற்றை நிற விதைகளின் சிறு கூட்டம் வீங்கிவிடும்.

கணக்கு

முதல் தலைமுறைச் செடியில் இரு குறியீடுகளும் ஒரே குரோமோசோமில் உள்ளன; எதிர்க் குரோமோசோமில் எதுவும் இல்லை. தன்மகரந்தச் சேர்க்கையில் வந்த விதைகளில் ப என்பது பச்சை மட்டும் ஒளிர்பவை, சி என்பது சிவப்பு மட்டும் ஒளிர்பவை, மொ என்பது மொத்தம் எனக் கொண்டால்:

சென்டிமார்கன் = 100 × [1 − √(1 − 2(ப + சி) ÷ மொ)]

எண் வைத்துப் பார்ப்போம். 2,000 விதைகளில் பச்சை மட்டும் 180, சிவப்பு மட்டும் 180 என்றால், 2 × 360 ÷ 2,000 = 0.36. ஒன்றிலிருந்து கழித்தால் 0.64; வர்க்கமூலம் 0.8, விடை 20 சென்டிமார்கன். அப்போது இரு நிற விதை 1,320, ஒளிராதது 320 இருக்க வேண்டும்.

விடையை நம்பும் முன் இரண்டு சோதனைகள். பச்சை ஒளிரும் விதைகள் எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் முக்கால் பங்கு இருக்க வேண்டும், சிவப்பும் அப்படியே. 2,000 விதைகளில் 1,463 முதல் 1,537 வரை வந்தால் 3:1 விகிதத்தை மறுக்க இடமில்லை. இருபது செடிகளில் ஒன்று தற்செயலாகவே வெளியே போகும், அதற்காக அதைத் தூக்கி எறிய வேண்டாம். எல்லாச் செடிகளும் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் கோளாறு. அடுத்து, பச்சை மட்டும் ஒளிர்பவையும் சிவப்பு மட்டும் ஒளிர்பவையும் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும். ஒன்று மற்றொன்றைவிடத் தெளிவாக மிகுந்தால், கோடு தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. அல்லது குறைந்த நிறத்தின் மரபணு அமைதியாக்கப்பட்டுவிட்டது. அப்படி அமைதியான வரிசையை எந்தத் திருத்தமும் மீட்காது, புதிய விதையிலிருந்து தொடங்க வேண்டும்.

சில கலப்புகளில் 3:1 குலைவதற்கு உயிரியல் காரணமே உண்டு. கொலம்பியாவையும் கேப் வெர்டித் தீவு வகையையும் கலந்தால், முதல், ஐந்தாம் குரோமோசோம்களில் உள்ள ஹிஸ்டிடின் உற்பத்தி மரபணுவின் இரு பிரதிகளுக்கு இடையே பொருத்தமின்மை ஏற்பட்டுச் சில சந்ததிகள் கருவிலேயே அழிகின்றன. அப்பகுதிகளில் உள்ள குறியீட்டு வரிசையை இக்கலப்பில் பயன்படுத்தாதீர்கள்.

எத்தனை விதை போதும்? 20 சென்டிமார்கன் துண்டில் 200 விதை எண்ணினால் 95 சதவீத நம்பிக்கை எல்லை கூட்டல் கழித்தல் 6.7, 2,000 எண்ணினால் 2.1, பத்துச் செடிகளிலிருந்து 20,000 எண்ணினால் 0.7. ஆனால் இது விதைகளின் தற்செயலை மட்டும் சொல்கிறது. செடிக்குச் செடி உள்ள வேறுபாடு இதற்கு மேல் வரும். ஆகவே ஒப்பிடும்போது ஒரு செடியை ஓர் அளவீடாகக் கொள்ளுங்கள். 20,000 விதைகளை 20,000 சான்றுகளாகக் கருதினால் எந்தச் சிறு சாய்வும் பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றும்.

இந்த எண் ஆண், பெண் மியாசிஸ் இரண்டின் சராசரி. கொலம்பியாவை லேன்ட்ஸ்பர்க் என்ற மற்றோர் ஆய்வக வகையோடு கலந்த கலப்பில் முழு மரபணுத்தொகுதியின் நீளம் ஆண் பக்கம் 575, பெண் பக்கம் 332 சென்டிமார்கன், இடைவெளி சிறிதல்ல. தனித்தனியே வேண்டுமென்றால் முதல் தலைமுறைச் செடியைக் கொலம்பியாவோடு ஒருமுறை தந்தையாகவும் ஒருமுறை தாயாகவும் பிற்கலப்பு செய்யுங்கள். அங்கே சூத்திரம் எளிது: ஒற்றை நிற விதைகளை மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் போதும்.

காரணம் எங்கே இருக்கிறது?

லேன்ட்ஸ்பர்க் கலப்பில் 420-இன் அளவு மாறியது என்று வைத்துக்கொள்வோம். இப்போது பல துண்டுகளைப் பாருங்கள். எல்லாம் ஒரே திசையில் நகர்ந்திருந்தால் டிரான்ஸ் காரணத்தின் சாயல். ஒன்று மட்டும் நகர்ந்து மற்றவை நின்றால், அல்லது அதன் பக்கத்துத் துண்டு எதிர்த்திசையில் நகர்ந்தால், சிஸ் காரணத்தைத் தேடலாம். இது சாயல்தான், தீர்ப்பு அல்ல.

தீர்ப்புக்கு இரண்டாம் தலைமுறை வேண்டும். முதல் தலைமுறைச் செடியின் விதைகளில் இரு நிறத்திலும் நடுத்தரமாக ஒளிர்பவற்றை, அதாவது இரு குறியீடுகளும் ஒவ்வொரு பிரதி உள்ளவற்றை, 150 முதல் 200 வரை பொறுக்கி விதைக்கவும். இந்தத் தேர்வின் அழகு இதில்தான்: அளக்கும் துண்டு எல்லாச் செடியிலும் ஒரு பக்கம் கொலம்பியா, மறுபக்கம் லேன்ட்ஸ்பர்க் என்றே இருக்கும், மரபணுத்தொகுதியின் மற்ற பகுதிகளோ செடிக்குச் செடி கலைந்திருக்கும். துண்டுக்குள் உள்ள வேறுபாடு எல்லோருக்கும் பொது. ஆகவே செடிகளுக்கு இடையே சென்டிமார்கன் மாறினால் அதன் காரணம் துண்டுக்கு வெளியே இருக்கிறது. ஒவ்வொரு செடியின் விதையையும் எண்ணி, இலையிலிருந்து டி.என்.ஏ. எடுத்துக் எல்லாக் குரோமோசோம்களிலும் பரவிய டி.என்.ஏ. குறியீடுகளால் மரபுவகை அறிந்து, எந்த இடத்தின் மரபுவகையோடு சென்டிமார்கன் சேர்ந்து மாறுகிறது என்று காட்டும் அளவுப்பண்பு இட வரைபடம் போடுங்கள்.

பொறுக்கியவற்றில் நூற்றில் ஆறு செடிகள் ஏமாற்றும். பச்சை ஒரு குரோமோசோமிலும் சிவப்பு எதிர்க் குரோமோசோமிலுமாக இருந்தாலும் விதை அதே நடுத்தர ஒளியைத்தான் காட்டும். அந்தச் செடிகளின் விதையைச் சூத்திரத்தில் இட்டால் 80 சென்டிமார்கன் போன்ற நடக்காத எண் வரும், அல்லது வர்க்கமூலத்துக்குள் எதிர்மறை எண் வரும். ஒளிராத விதை நூற்றில் ஒன்றாகக் குறைந்திருப்பதும் அடையாளம். அவற்றை நீக்கிவிடுங்கள்.

கொலம்பியா–லேன்ட்ஸ்பர்க் கலப்பில் இந்த வழியில் வெளிவந்த முதன்மையான இடம் முதல் குரோமோசோமில் உள்ள ஹெய்10. கொலம்பியாவில் இப்புரதத்தின் 264-ஆம் இடத்தில் ஆர்ஜினின், லேன்ட்ஸ்பர்க்கில் கிளைசின். கொலம்பியா எதிருரு (மரபணுவின் அந்த வடிவம்) குறுக்கேற்றத்தைக் கூட்டுகிறது. ஹெய்10-இன் கூடுதல் பிரதிகளைச் செடிக்குள் செலுத்தியபோது குறுக்கேற்றங்கள் ஏறக்குறைய இரு மடங்காயின. அப்புரதத்தின் அளவு எவ்வளவு தீர்மானமானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அயர்லாந்திலிருந்து வந்த பர் வகையில் வேறொரு கதை. அங்கே டி.ஏ.எஃப்.4பி என்ற படியெடுத்தல் காரணியின் (பிற மரபணுக்களைப் படியெடுக்க உதவும் புரதம்) மரபணுவில் இடையிலேயே நிறுத்தக் குறியீடு விழுந்து குறுக்கேற்றம் குறைகிறது. வரைபடம் காட்டும் பகுதியில் பல மரபணுக்கள் இருக்கும். வேட்பாளர் மரபணுவின் உயர் எதிருருவைத் தாழ்ந்த வகைக்குள் செலுத்தி, எண்ணிக்கை உயர்கிறதா என்று பார்த்த பிறகே பெயரைச் சொல்ல வேண்டும்.

வரைபடத்தில் அளக்கும் துண்டின் பக்கத்திலேயே ஒரு சிகரம் தோன்றினால் அவசரப்பட வேண்டாம். ஹெட்டரோசைகஸ் துண்டு (இணையின் இரு குரோமோசோமிலும் வெவ்வேறு வடிவம் உள்ளது) ஒன்று ஹோமோசைகஸ் பகுதிக்குப் பக்கத்தில் இருந்தால், ஹோமோசைகஸ் பகுதியில் குறுக்கேற்றம் குறைந்து ஹெட்டரோசைகஸ் துண்டில் கூடுகிறது. அண்டை விளைவு என்று இதைச் சொல்லலாம். நமது இரண்டாம் தலைமுறைச் செடிகளில் துண்டு எப்போதும் ஹெட்டரோசைகஸ், அதன் அண்டைப் பகுதியோ சிலவற்றில் ஹோமோசைகஸ். ஆகவே அங்கே மரபணு எதுவும் இல்லாமலே சிகரம் எழும். அடையாளம் எளிது: அண்டைப் பகுதி கொலம்பியா–கொலம்பியாவாக இருந்தாலும் லேன்ட்ஸ்பர்க்–லேன்ட்ஸ்பர்க்காக இருந்தாலும் அளவு உயர்ந்து, ஹெட்டரோசைகஸாக இருக்கும்போது தாழ்ந்தால் அது அண்டை விளைவு. பொருந்தாத டி.என்.ஏ. இணையை உணரும் எம்.எஸ்.எச்.2 புரதம் இல்லாத செடிகளில் இந்த விளைவு மறைகிறது; உறுதி செய்ய அந்தத் திரிபுச் செடியைப் பயன்படுத்தலாம்.

தலைகீழ்த் திருப்பம் வேறு விதம். கொலம்பியாவின் நான்காம் குரோமோசோமின் குறுங்கையில் 1.17 மெகாபேஸ் நீளப் பகுதி லேன்ட்ஸ்பர்க்கை ஒப்பிடத் திரும்பிக் கிடக்கிறது. இரண்டையும் கலந்தால் அதற்குள் மறுகூட்டிணைவு கிடைப்பதில்லை. டி.என்.ஏ.வை வெட்டித் திருத்தும் கிறிஸ்பர் கருவியால் அதை மீண்டும் திருப்பி நேராக்கியபோது குறுக்கேற்றம் திரும்ப வந்தது. ஒரு துண்டு ஏறக்குறைய பூச்சியம் காட்டினால், மரபணு தேடும் முன் இரு வகைகளின் முழு டி.என்.ஏ. வரிசைகளையும் ஒப்பிட்டுத் திருப்பம் உண்டா என்று பாருங்கள்.

விதையை மட்டும் நம்பாமல்

ஒளிர் விதை ஒரு துண்டைத்தான் காட்டும். முழுச் செல்லையும் பார்க்க மஞ்சரிகளை எத்தனாலும் அடர் அசிட்டிக் அமிலமும் 3:1 கலந்த கலவையில் நிலைப்படுத்துங்கள். செல்லுலேஸ், பெக்டோலையேஸ், சைட்டோஹெலிகேஸ் ஒவ்வொன்றும் 0.3 சதவீதம் உள்ள சிட்ரேட் தாங்கல் கரைசலில் 37 டிகிரியில் மொட்டுகளை மென்மையாக்கி, 60 சதவீத அசிட்டிக் அமிலத்தால் கண்ணாடித் தகட்டில் விரித்து, டி.என்.ஏ.வை ஒளிரச் செய்யும் டாப்பி சாயமிட்டுப் பாருங்கள். ஐந்து இணைகளும் தெரியும். தடி வடிவ இணையில் ஒரு கயாஸ்மா (குறுக்கேற்றம் கண்ணுக்குத் தெரியும் இடம்), வளைய வடிவில் குறைந்தது இரண்டு உண்டு. ஐம்பது செல்லாவது எண்ண வேண்டும். இணையாமல் தனித்து நிற்கும் குரோமோசோம் அடிக்கடி தெரிந்தால், குறைவு ஒரு துண்டோடு நிற்கவில்லை, செல் முழுவதிலும் இருக்கிறது. செலவு தாங்குமானால் இரண்டாம் தலைமுறைச் செடிகள் 100 முதல் 200 வரை குறைந்த ஆழத்தில் வரிசைப்படுத்தி, மரபுவகை மாறும் இடங்களை எண்ணலாம். கொலம்பியா–லேன்ட்ஸ்பர்க்கில் ஒரு செடிக்கு 7 முதல் 9 வரை எதிர்பார்க்கலாம்.

நெல் வயலுக்கு வரும்போது

வெள்ளத்தைத் தாங்கும் சப்1 மரபணு எஃப்.ஆர்.13ஏ என்ற பழைய நெல்லிலிருந்து, ஒன்பதாம் குரோமோசோம் வழியாக, ஸ்வர்ணாவுக்கும் தமிழ்நாட்டில் பொன்மணி என்று விளையும் சி.ஆர்.1009-க்கும் பிற்கலப்பால் சென்றது. வேண்டிய மரபணுவோடு வேண்டாத பழைய துண்டு ஒட்டி வராமல் இருக்க, அதன் இரு பக்கமும் மிக அருகில் குறுக்கேற்றம் நடந்த நாற்றைப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கத்தில் ஒரு சென்டிமார்கனுக்குள் குறுக்கேற்றம் நடந்த நாற்று ஒன்றாவது 95 சதவீத உறுதியோடு வேண்டுமென்றால் 299 நாற்றுகளைச் சோதிக்க வேண்டும். குறுக்கேற்றம் மும்மடங்கானால் 99 போதும். நெல், தக்காளி, பட்டாணி மூன்றிலும் குறுக்கேற்றத்தைக் கட்டுப்படுத்தும் ரெக்க்யூ4 மரபணுவை முடக்கியபோது குறுக்கேற்றம் மும்மடங்கு அளவில் உயர்ந்திருக்கிறது. ஆனால் அப்படிக் கூடியவை குரோமோசோமின் கைகளில்தான் பெரும்பாலும் விழுகின்றன. குரோமோசோமின் இடுப்பான சென்ட்ரோமியரை ஒட்டிய பகுதி அப்போதும் பிடிகொடுப்பதில்லை. வேண்டிய மரபணு அங்கேயோ, இரு பெற்றோருக்கும் இடையே திரும்பிக் கிடக்கும் துண்டுக்குள்ளேயோ இருந்தால், நாற்று எண்ணிக்கையைக் கூட்டுவதால் பயனில்லை. அந்த இடத்தில் நேரான அமைப்புள்ள வேறொரு கொடையாளி வகையைத் தேடுங்கள்.